ஒரே ஆளோட ரெண்டு நுரையீரல்: ஃப்ளூவுக்குப் பின்னால வர்ற பாக்டீரியா நிமோனியா, ஒரு நிகழ்வு ஆய்வு

1918 செப்டம்பர் 20. அமெரிக்காவுல சவுத் கரோலைனா மாநிலம், கொலம்பியா ஊருக்குப் பக்கத்துல இருந்த கேம்ப் ஜாக்சன் ராணுவப் பயிற்சி முகாம். அங்க 21 வயசு சிப்பாய் ஒருத்தரை முகாம் ஆஸ்பத்திரியில சேர்க்கிறாங்க, ஃப்ளூ, கூடவே நிமோனியா. நாளுக்கு நாள் மூச்சு மோசமாகுது, உடம்பு நீலம் பாரிச்சுப் போகுது, 26-ம் தேதி இறந்துட்டாரு. அன்னைக்கு ஆன்டிபயாடிக்ங்கிற பேச்சே கிடையாது, வென்டிலேட்டர் கிடையாது, படுக்க வச்சு பார்த்துக்கிட்டது தான் வைத்தியம். அந்த வருஷம் உலகம் முழுக்கப் பரவின ஃப்ளூவுல, அமெரிக்க முகாம்கள்ல இப்படி இறந்தவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, அதுல இவரை மட்டும் தனியா எடுத்துப் பேசுறதுக்குக் காரணம் இவரோட போஸ்ட்மார்ட்டம்.

இடது நுரையீரல்ல பாக்டீரியா நிமோனியா. காத்து இருக்க வேண்டிய இடத்துல சீழ் அணுக்களும் நீரும் நிறைஞ்சு கெட்டி தட்டிப் போயிருந்துச்சு, உயிர் போறதுக்கு அது ஒண்ணே போதும். வலது பக்கம் அப்படி இல்ல. அங்க சின்ன மூச்சுக்குழல்கள்லயும் காத்துப்பைகள்லயும் அங்கங்க மட்டும் அழற்சி, அதுவும் வைரஸ் தாக்கின ஆரம்பத்துல எப்படி இருக்குமோ அந்தக் கட்டத்துல. அதாவது ஒரே மனுஷனோட உடம்புல வலது பக்கம் நோய் இப்ப தான் தொடங்கியிருக்கு, இடது பக்கம் அது தன் வேலையை முடிச்சிருச்சு. ஃப்ளூவோட முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் ஒரே ஆள்கிட்ட, ஒரே நாள்ல, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிற வாய்ப்பு மருத்துவத்துல ரொம்ப அபூர்வம்.

அந்த நுரையீரல் துண்டுகளை ஃபார்மலின்ல ஊற வச்சு, மெழுகுக் கட்டியில பதிச்சு ராணுவ நோய்க்கூறு நிறுவனத்தோட சேமிப்புல வச்சாங்க. கிட்டத்தட்ட 80 வருஷம் அது அப்படியே இருந்துச்சு. 1990-கள்ல அதே நிறுவனத்தோட விஞ்ஞானிகள் ஜெஃப்ரி டாபன்பர்கர், ஆன் ரீட் குழு அந்தச் சேமிப்புல 1918 வைரஸோட மரபணுத் துணுக்கு ஏதாவது மிச்சம் இருக்கான்னு தேட ஆரம்பிச்சாங்க. பல டஜன் மாதிரிகளைப் பார்த்தும் பெரும்பாலானதுல ஒண்ணும் கிடைக்கல. அதுக்குக் காரணம் இருக்கு, ஃப்ளூ வைரஸ் முதல் சில நாள்லயே பெருகி முடிச்சிடும், ஒருத்தர் பத்தாவது நாள் இறக்கிறாருன்னா அப்போ நுரையீரல்ல வைரஸ் அநேகமா போயிருக்கும், அங்க இருக்கிறதெல்லாம் பாக்டீரியா பண்ணின நாசம். கேம்ப் ஜாக்சன் சிப்பாயோட வலது நுரையீரல் மட்டும் ஆரம்பக் கட்டத்துலயே நின்னுட்டதால அங்க வைரஸ் இன்னும் இருந்துச்சு. அதுல இருந்து எடுத்த துணுக்குகளைத் தான் 1997-ல சயின்ஸ் பத்திரிகையில வெளியிட்டாங்க. அதே குழு நியூயார்க் பக்கம் கேம்ப் அப்டன்ல இருந்த 30 வயசு சிப்பாய்கிட்ட இருந்தும் வைரஸை எடுத்தாங்க. அவரு செப்டம்பர் 23 சேர்ந்து, அதே 26-ம் தேதி இறந்தவரு. அவருக்கு நுரையீரல் முழுக்க ரத்தமும் நீரும், பாக்டீரியா வந்து பெருகுறதுக்கு முன்னாடியே வைரஸ் முடிச்சிடுச்சு.

இந்த ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பார்க்கணும். 1918 ஃப்ளூன்னாலே எல்லாரும் சொல்றது அப்டன் சிப்பாய் மாதிரி கதை தான், காலையில நல்லா இருந்தாரு, சாயங்காலம் இல்லன்னு. அப்படியும் நடந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அது சிறுபான்மை. பெரும்பான்மை கேம்ப் ஜாக்சன் இடது நுரையீரல் கதை. 2008-ல டேவிட் மோரென்ஸ், டாபன்பர்கர், ஆன்டனி ஃபவுச்சி மூணு பேரும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு போட்டாங்க. 58 பேரோட பழைய நுரையீரல் துண்டுகளை மறுபடி மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க, அதோட உலகம் முழுக்க அப்போ வெளியான 8,398 போஸ்ட்மார்ட்டம் விவரங்களையும் தொகுத்தாங்க. தரமான தொகுப்புகள்ல மட்டும் எடுத்துப் பார்த்தப்போ நுரையீரல் கல்ச்சர்ல, அதாவது மாதிரியை லேப்ல வளர்த்துப் பார்க்கிற சோதனையில, 92.7% பாக்டீரியா பாசிட்டிவ். நியூமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், பிஃபைஃபர் பேசில்லஸ், இவங்க தான் திரும்பத் திரும்ப வர்றாங்க. இதுல எதுவுமே எங்கிருந்தோ புதுசா வந்த கிருமி இல்ல. நிறைய பேரோட மூக்கிலயும் தொண்டையிலயும் சும்மா குடியிருக்கிறது தான்.

அன்னைக்கு இருந்த டாக்டர்கள் நிலைமையை நினைச்சா மனசு கனக்குது. பாஸ்டன் பக்கம் கேம்ப் டெவன்ஸ்னு இன்னொரு முகாம், 36,000 பேருக்குக் கட்டின இடத்துல 45,000 பேர். செப்டம்பர் ரெண்டாவது வாரத்துல ஃப்ளூ உள்ள பரவுது, அக்டோபர் முடியிறதுக்குள்ள ஏறக்குறைய 15,000 பேர் படுத்துட்டாங்க, 700-க்கும் மேல இறந்துட்டாங்க. அங்க வேலை பார்த்த ராய்ங்கிற டாக்டர் செப்டம்பர் 29-ம் தேதி நண்பருக்கு எழுதின கடிதம் பல வருஷம் கழிச்சு ஒரு பெட்டியில கிடைச்சு, 1979-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வெளியாச்சு. சாதாரண ஃப்ளூ மாதிரி தான் ஆரம்பிக்குது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததும் இதுவரை பார்க்காத கொடூரமான நிமோனியாவா மாறுது, கன்னத்து எலும்பு மேல பழுப்புச் சிவப்புத் திட்டு வருது, காதுல இருந்து நீலம் பரவி முகம் முழுக்க போகுது, ஒரு நாளைக்கு நூறு பேர் வரை சாகுறாங்க, சில நாள் சவப்பெட்டி கூட இல்லன்னு எழுதியிருக்காரு. செப்டம்பர் 23 வாக்குல அமெரிக்காவோட பெரிய மருத்துவர்கள் வில்லியம் வெல்ச், விக்டர் வாகன், ரூஃபஸ் கோல் எல்லாம் அங்க நேர்ல போறாங்க. போஸ்ட்மார்ட்டம் அறையில நீலமா வீங்கி நுரை ததும்புற நுரையீரலைப் பார்த்த வெல்ச், இது ஏதோ புதுவிதத் தொற்றா இருக்கணும், இல்ல பிளேக்கா இருக்கணும்னு சொன்னாரு. நிமோனியாவுல அன்னைக்கு உலகத்துலயே முன்னணியில இருந்தவர் கோல், அவரே பக்கத்துல நிக்கிறாரு, ஆனா கையில கொடுக்கிறதுக்கு மருந்து இல்ல.

காரணம் என்னங்கிறதுலயும் குழப்பம். 1892-லயே ஜெர்மன்காரர் ரிச்சர்ட் பிஃபைஃபர், ஃப்ளூவுக்குக் காரணம் நான் கண்டுபிடிச்ச இந்த பேசில்லஸ் தான்னு சொல்லிட்டாரு. அதனால 1918-ல எல்லா லேப்லயும் அதைத் தேடினாங்க. சில இடத்துல நிறைய கிடைச்சுது, சில இடத்துல கிடைக்கவே இல்ல. கேம்ப் ஜாக்சன்லயே சிக்கரிங், பார்க்னு ரெண்டு டாக்டர்கள் இறந்தவங்க நுரையீரல்ல ஸ்டாஃபிலோகாக்கஸைப் பார்த்து 1919-ல எழுதினாங்க, நுரையீரல் முழுக்க குட்டிக் குட்டிச் சீழ்க்கட்டி, வந்தவங்க கிட்டத்தட்ட யாரும் பிழைக்கல. ஒவ்வொரு முகாமுக்கும் ஒவ்வொரு பாக்டீரியா முன்னணியில இருந்தது தான் பெரிய துப்பு, ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் வேற காரணம்னா அதுக்கெல்லாம் முன்னாடி பொதுவா இன்னொண்ணு வந்து போயிருக்கணும். சில பேர் அப்படி யோசிக்கவும் செஞ்சாங்க, நிரூபிக்கத் தான் அன்னைக்கு வழியில்லாம போச்சு.

நிரூபணம் பன்றியில இருந்து வந்துச்சு. ரிச்சர்ட் ஷோப் அயோவா மாநிலத்துல பன்றிகளுக்கு வர்ற ஃப்ளூவை ஆராய்ஞ்சாரு, 1931-ல வெளியிட்டாரு. நோய் வந்த பன்றியோட சுரப்பை, பாக்டீரியா போக முடியாத வடிகட்டியில வடிகட்டி இன்னொரு பன்றிக்குக் கொடுத்தா லேசான நோய் தான் வருது. பாக்டீரியாவை மட்டும் கொடுத்தா ஒண்ணும் ஆகல. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா தான் அசல் பன்றி ஃப்ளூ மாதிரி கடுமையா வருது. அந்த பாக்டீரியா பிஃபைஃபர் பேசில்லஸோட நெருங்கின சொந்தம்! 1918-ல நடந்ததை இதைவிடத் தெளிவா ஒரு சோதனை காட்டல, இதைப் பாடப்புத்தகத்துல ஒரு வரியில தாண்டிப் போறது எனக்கு வருத்தம். ரெண்டு வருஷம் கழிச்சு 1933-ல லண்டன்ல ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூணு பேரும் மனுஷன்கிட்ட இருந்து ஃப்ளூ வைரஸை ஃபெரெட்ங்கிற விலங்குக்குக் கடத்திப் பிரிச்சு எடுத்தாங்க.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லாம போக மனசு வரல. ஃபிளெமிங் 1929-ல பெனிசிலின் பத்தி எழுதின முதல் கட்டுரையோட தலைப்புலயே, பிஃபைஃபர் பேசில்லஸைப் பிரிச்செடுக்க இது உதவும்னு இருக்கும். பெனிசிலின் ஸ்டாஃபிலோகாக்கஸையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் நியூமோகாக்கஸையும் அடக்கிடும், இந்த பேசில்லஸை மட்டும் விட்டுடும், அதனால லேப் தட்டுல அதை மட்டும் தனியா வளர்க்கலாம். முகாம்கள்ல பல பேரோட உயிரை எடுத்த கிருமிகளை அழிக்கிற பொருள் கையில வந்தாச்சு, ஆனா அது ஆஸ்பத்திரி மருந்தா மாறி நோயாளிக்குப் போறதுக்கு 1940-கள் வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்துச்சு.

சரி, வைரஸ் என்ன தான் பண்ணுது? மூச்சுக்குழாயோட உள்பக்கம் பூரா சின்ன முடி மாதிரி சிலியான்னு இருக்கு, அது விடாம அசைஞ்சு சளியை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், வீட்டு வாசலைக் கூட்டிக்கிட்டே இருக்கிற விளக்குமாறு மாதிரி. ஃப்ளூ வைரஸ் நேரா அந்தச் செல்களுக்குள்ள தான் போகுது. ரெண்டு மூணு நாள்ல அந்த அடுக்கே உரிஞ்சு, அடியில இருக்கிற ஜவ்வு வெளிய தெரியும், 1918 போஸ்ட்மார்ட்டம் குறிப்புகள்ல மூச்சுக்குழாய் உள்பக்கம் ரத்தச் சிவப்பா உரிஞ்சு கிடக்குன்னு திரும்பத் திரும்ப வருது. உரிஞ்ச இடத்துல பாக்டீரியா நல்லா ஒட்டிக்கும். வைரஸோட நியூராமினிடேஸ்ங்கிற நொதி செல் மேல இருக்கிற சயாலிக் அமிலத்தை வெட்டி விடுது, அதனால பாக்டீரியா ஒட்டுற இடங்கள் திறக்குது, வெட்டி விழுந்த சர்க்கரை நியூமோகாக்கஸுக்குச் சாப்பாடாவும் ஆகுது. அதுக்கு மேல, வைரஸை விரட்ட உடம்பு சுரக்கிற இன்டர்ஃபெரான் காமா, பாக்டீரியாவை முழுங்கி அழிக்கிற மேக்ரோஃபேஜ் செல்களோட வேலையை மந்தமாக்குது. வைரஸோட சண்டையில உடம்பு ஜெயிக்கிற நேரம் தான், பாக்டீரியாவுக்குக் கதவு திறந்து கிடக்கிற நேரமும்.

அதனால தான் நாள் கணக்கு முக்கியம். ஜொனாதன் மெக்கல்லர்ஸ் குழு எலிகள்ல செஞ்ச சோதனை 2002-ல வந்துச்சு. முதல்ல ஃப்ளூ வைரஸ், ஏழு நாள் கழிச்சு நியூமோகாக்கஸ் கொடுத்தாங்க, எல்லா எலியும் செத்துப் போச்சு. வரிசையை மாத்தி பாக்டீரியாவை முதல்ல கொடுத்தப்போ அப்படி ஆகல. 1918 ராணுவப் பதிவுகளைத் திரும்பப் பார்த்த பிரண்டேஜ், ஷாங்க்ஸ் ரெண்டு பேரும் நோய் தொடங்கினதுல இருந்து சாவு வரைக்கும் நடு அளவு 7-ல இருந்து 11 நாள்னு காட்டினாங்க, மருந்தில்லாத காலத்து நியூமோகாக்கஸ் நிமோனியா எவ்வளவு நாள்ல கொல்லுமோ கிட்டத்தட்ட அதே கணக்கு. முகாம்ல புதுசா சேர்ந்த பசங்க தான் அதிகம் இறந்தாங்கங்கிறதும் இதோட பொருந்துது. ஒவ்வொரு ஊர்ல இருந்தும் ஒவ்வொரு பாக்டீரியாவோட வந்த பசங்களை ஒரே கொட்டகையில நெருக்கிப் படுக்க வச்சா, தனக்குப் பழக்கமே இல்லாத கிருமி பக்கத்துப் படுக்கையில இருந்து வரும், அந்த நேரம் பார்த்து ஃப்ளூவும் வந்தா தப்பிக்கிறது கஷ்டம்.

ஆன்டிபயாடிக் வந்த அப்புறம் இது முடிஞ்ச கதைன்னு நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அப்படி இல்ல. 1957 ஆசிய ஃப்ளூ வந்தப்போ ஆஸ்பத்திரிகள்ல பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஏற்கனவே இருந்துச்சு, அந்த வருஷம் ஸ்டாஃப் நிமோனியாவுல நிறைய பேர் போனாங்க. 2006 டிசம்பர், 2007 ஜனவரியில அமெரிக்காவுல லூசியானா, ஜார்ஜியா ரெண்டு மாநிலத்துலயும் சேர்த்து 10 பேருக்கு எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்) நிமோனியா, ஃப்ளூவோட சேர்ந்து வந்துச்சு. அதுவரைக்கும் ஆரோக்கியமா இருந்த பிள்ளைங்களும் பெரியவங்களும் தான், 6 பேர் இறந்துட்டாங்க. 2009 ஹெச்1என்1 சமயத்துல இறந்த 77 பேரோட நுரையீரல் மாதிரிகளை அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பார்த்தப்போ 22 பேர்கிட்ட பாக்டீரியா இருந்துச்சு. வென்டிலேட்டரும் ஆன்டிபயாடிக்கும் இருக்கிற காலத்துலயே நாலுல ஒண்ணுக்கும் மேல.

குழந்தைங்களுக்கு இது நுரையீரல் வரைக்கும் போகாம மேலேயே, மூச்சுக்குழாயிலயே உட்கார்ந்து கொல்ற ஒரு வகை இருக்கு, பாக்டீரியல் டிரக்கியைடிஸ். 1979-ல தான் அந்தப் பேர்ல தனி நோயா மறுபடி கவனத்துக்கு வந்துச்சு. முதல்ல ரெண்டு மூணு நாள் சாதாரண சளி, குரைக்கிற மாதிரி இருமல், எல்லாரும் குரூப்னு (croup, வைரஸால குழந்தைங்களோட குரல்வளை வீங்குற நோய்) நினைப்பாங்க. அப்புறம் திடீர்னு காய்ச்சல் ஏறும், மூச்சு உள்ள இழுக்கிறப்போ கர்ர்னு சத்தம், பிள்ளை துவண்டு போயிடும். குரூப்னா ஸ்டெராய்டும் அட்ரினலின் நெபுலைசரும் கொடுத்தா நல்லா கேட்கும், இதுல அவ்வளவா கேட்காது, அது தான் டாக்டருக்கு முதல் சந்தேகம் வர வேண்டிய இடம். உள்ள கெட்டியான சீழ்ப்படலம் உரிஞ்சு குழாயை அடைச்சிடலாம், பிள்ளையோட மூச்சுக்குழாய் ஏற்கனவே குறுகலானது, ஒரு கட்டி சளி நகர்ந்தா போதும். நிறைய பேருக்கு டியூப் போட்டு, ஸ்கோப் விட்டு சீழை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும். இங்க முக்கியக் குற்றவாளி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், முன்னாடி வந்து போன வைரஸ் பல சமயம் ஃப்ளூ. வீட்டுல வச்சுக்கிட்டு காலையில பார்ப்போம்னு இருக்கிற நோய் இது இல்ல, தயவுசெஞ்சு ராத்திரியே கொண்டு போங்க, ஐசியூ இருக்கிற ஆஸ்பத்திரியாப் பார்த்துக் கொண்டு போங்க.

பெரியவங்க விஷயத்துல நான் திரும்பத் திரும்பச் சொல்றது ரெண்டாவது காய்ச்சலைப் பத்தி. ஃப்ளூ காய்ச்சல் மூணு நாலு நாள்ல இறங்கி, உடம்பு கொஞ்சம் தெம்பாகி, அப்புறம் மறுபடி குளிரோட காய்ச்சல் ஏறுச்சுன்னா, சளி நிறம் மாறி மஞ்சளாவோ துரு நிறமாவோ ரத்தமாவோ வந்துச்சுன்னா, மூச்சு விடுறப்போ ஒரு பக்கம் நெஞ்சு குத்துச்சுன்னா அது ஃப்ளூ இழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் இல்ல, வேற ஒண்ணு உள்ள வந்துடுச்சுன்னு தான் நினைக்கணும். ஸ்டாஃப்ல இந்த இடைவெளி கூட சில சமயம் இருக்காது, ஃப்ளூவோடவே சேர்ந்து ரெண்டு மூணு நாள்ல ஆளைச் சாய்ச்சிடும், ரத்தச் சளி, பிரஷர் இறங்குறது, வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை ஏறாம குறையிறதுன்னு வரும். வெள்ளை அணு குறைவா இருக்கு, அப்போ வைரஸ் தான்னு நினைச்சு அசால்ட்டா இருந்துடக் கூடாது.

மெடிக்கல் ஷாப்ல முதல் நாளே அஜித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கிறது இதைத் தடுக்காது. வைரஸுக்கு அது மருந்து இல்ல, மூக்குல இருக்கிற பாக்டீரியாவுல அடங்குறதை மட்டும் அடக்கிட்டு அடங்காததை மிச்சம் வைக்கும், அஞ்சாவது நாள் நுரையீரலுக்கு இறங்குறது அந்த மிச்சமா இருக்கலாம். ஆன்டிபயாடிக்கை எதிர்த்துப் பேசல நான், ரெண்டாவது காய்ச்சல் வந்த அன்னைக்கு அது மணிக்கணக்குல வேகமா போகணும். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-ல போட்ட வழிகாட்டியிலயும் இது தான் இருக்கு: ஆரம்பத்துலயே ரொம்பக் கடுமையா வர்ற ஃப்ளூ, தேறி வந்து மறுபடி மோசமாகுறது, இந்த ரெண்டுலயும் பாக்டீரியா இருக்கான்னு தேடவும் செய்யணும், மருந்தும் ஆரம்பிக்கணும்; வைரஸ் மருந்து கொடுத்து 3 முதல் 5 நாள் ஆகியும் தேறலன்னா பாக்டீரியாவைத் தேடுறதைப் பத்தி யோசிக்கலாம். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காம, கல்ச்சருக்கு ரத்தமும் சளியும் எடுத்துட்டு, நியூமோகாக்கஸுக்கு செஃப்ட்ரியாக்சோன் மாதிரி ஒண்ணு, எம்ஆர்எஸ்ஏ சந்தேகம் இருந்தா வான்கோமைசினோ லினிசோலிட்டோ சேர்த்து, கூடவே ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஒசெல்டாமிவிர். கல்ச்சர் வந்ததும் தேவையில்லாததை நிறுத்திக்கலாம். ஃப்ளூ டெஸ்ட் பாசிட்டிவ் வந்துடுச்சு, காரணம் கிடைச்சாச்சுன்னு அதோட தேடலை நிறுத்துறது தான் இந்த நோய்ல ரொம்ப ஆபத்தான முடிவுன்னு நான் நினைக்கிறேன். பாசிட்டிவ்ங்கிறது கதையோட முதல் பாதி மட்டும் தான்.

தடுக்கிறதுல ரெண்டு முனையிலயும் வேலை செய்யலாம். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட்டா, கதவைத் திறந்து விடுற வைரஸையே குறைக்கலாம். இந்தியாவுல அது தேசியத் தடுப்பூசி அட்டவணையில இல்ல, பெரும்பாலும் காசு கொடுத்துத் தான் போடணும், 65 வயசுக்கு மேல இருக்கிறவங்க, கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவங்க அந்தக் காசைக் கணக்குப் பார்க்காம இருக்கிறது நல்லது. நியூமோகாக்கஸ் ஊசி குழந்தைங்களுக்கு 2017-ல சில மாநிலங்கள்ல ஆரம்பிச்சு 2021-ல நாடு முழுக்க இலவசமா வந்துடுச்சு, 6 வாரம், 14 வாரம், 9 மாசம்னு மூணு டோஸ், பெரியவங்களுக்கும் தனியா இருக்கு. ஸ்டாஃபிலோகாக்கஸுக்கும் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கும் இன்னும் ஊசி கிடையாது. ஸ்டாஃபுக்கு எத்தனையோ முயற்சி நடந்து பெரிய சோதனைகள் வரைக்கும் போய்த் தோத்துப் போயிருக்கு. அந்த ரெண்டு கிருமிக்கும் இன்னைக்கு நம்மகிட்ட இருக்கிறது ஃப்ளூ ஊசியும், ரெண்டாவது காய்ச்சலைச் சரியான நேரத்துல பிடிக்கிற கண்ணும் தான்.